வானத்து அலைகளும் நம் மலைக் கான்களும்



பதுளை நகருக்கு மேலே நமுணுகுலை மலை முகிலுக்குள் மறைந்து கிடந்த ஐப்பசி மாதத்து மாலைப் பொழுதொன்றில், நான் அதிபராகக் கடமையாற்றும் பாடசாலைக்கு ஒரு தந்தையார் வந்தார். தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்பவர். மழை கடுமையாகும் என்று அறிவித்தல் வந்திருந்தமையால், லயங்களின் பின்புறத்துக் கான்களைத் துப்புரவு செய்வதற்குப் பெற்றோர் சிலரை அழைத்திருந்தேன். கான் என்றதும் இலக்கியம் கற்றோர் காட்டை நினைப்பர். எங்கள் தோட்டங்களிலோ மலைச்சரிவின் குறுக்கே மழைநீர் வடிந்து செல்ல வெட்டப்பட்ட வாய்க்காலுக்கே கான் என்று பெயர். அந்த வேலையைப் பற்றி நான் எடுத்துரைத்தபொழுது அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “ஐயா, அமெரிக்காவுல கம்பம் நட்டு வானத்தையே சூடாக்குறானாம். அவன் நெனச்சா மழை வருமாம், மலையும் சரியுமாம். அப்புறம் நாங்க கான் வெட்டி என்ன ஆவப்போவுது?” என்றார்.

அவர் வேலைக்குச் சோம்பிச் சொன்னாரல்லர். யாரோ கைத்தொலைபேசியில் காட்டிய படத்தைக் கண்டு மெய்யாகவே அஞ்சிப் போயிருந்தார். நானோ கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்றவன். அன்று அவருக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. “விசாரித்துச் சொல்கிறேன்” என்று கூறி அனுப்பிவிட்டு, எங்கள் பௌதிகவியல் ஆசிரியரின் துணையோடு சில நாட்கள் இப்பொருளைப் படித்தேன். படித்தறிந்தவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

வானத்தைச் சூடாக்குதல் என்ற பேச்சு முழுவதும் பொய்யன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் கதை வானொலியிலிருந்தே தொடங்குகின்றது. ஆகவே வானொலி நேயர்களாகிய உங்களுக்கு அது விளங்கக் கடினமாயிராது.

என் இளமைப் பருவத்தில் மலைநாட்டு வீடுகளில் வானொலிப் பெட்டி இருந்தால் அது பெருஞ்செல்வம். மின்கலம் பலவீனமானால் அதனை வெயிலில் காயவைத்து மீண்டும் இடுவோம். பகலில் அருகிலுள்ள நிலையங்கள் மட்டுமே தெளிவாகக் கேட்கும். பொழுது சாய்ந்ததும், கடல் கடந்த நிலையங்கள் அழையா விருந்தினர் போல ஒன்றன்மேல் ஒன்றாக வந்து புகும். சிற்றலை வழியே நமது இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தமிழ்நாட்டின் ஊர்களெங்கும் ஒலித்ததும் இதே இயற்கை நியதியினாற்றான்.

நிலத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் உயரத்தில் தொடங்கிப் பன்னூறு கிலோமீற்றர் வரை பரந்து கிடக்கும் ஒரு மண்டலம் உண்டு. சூரியனின் கதிர்கள் அங்குள்ள காற்றணுக்களைத் தாக்கி அவற்றிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. மின்னேற்றம் பெற்ற அந்தப் படையை அயனமண்டலம் என்பர். சிற்றலைகள் அதன் மேற்பகுதியில் பட்டுத் திரும்பி மீண்டும் பூமிக்கு வருகின்றன. அதன் அடிப்பகுதியோ பகலில் மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. இரவில் அது நலிந்து போவதனாற்றான் தொலைநிலையங்கள் நம்மை வந்தடைகின்றன. 1901ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து சமிக்ஞையைப் பெற்றபோது, வளைந்த பூமியின் மேல் அலை எவ்வாறு சென்றது என்பது புதிராயிருந்தது. வானில் மின்கடத்தும் படை ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1902ஆம் ஆண்டில் கெனலி, ஹெவிசைட் என்னும் இருவர் தனித்தனியே கூறினர். 1924ஆம் ஆண்டில் அப்பிள்டன் என்ற ஆங்கில அறிஞர் அதனைச் சோதனையால் நிறுவினார். அவருக்கு 1947ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, சூடாக்குதலுக்கு வருவோம். 1933ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டில் தெல்லகன் என்ற பொறியியலாளர் சுவிற்சர்லாந்தின் பெரோமுன்ஸ்ரர் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒலிபரப்பின் பின்னணியில் லக்சம்பேர்க் வானொலியின் நிகழ்ச்சியும் கேட்டது. இரண்டு நிலையங்களும் வெவ்வேறு அலைவரிசைகளில் ஒலித்தவை. ஒன்றோடொன்று கலக்க வழியேயில்லை. அடுத்த ஆண்டில் பெய்லி, மாட்டின் என்னும் இருவர் இதற்குக் காரணம் கூறினர். லக்சம்பேர்க்கின் வலிமை மிக்க அலை தான் செல்லும் வழியிலுள்ள இலத்திரன்களைச் சற்றுச் சூடாக்குகின்றது. அதன் பேச்சும் இசையும் ஏறி இறங்க, அச்சூடும் ஏறி இறங்குகின்றது. அவ்வழியே செல்லும் மற்றைய நிலையத்தின் அலையில் அந்த ஏற்றவிறக்கம் பதிந்துவிடுகின்றது. ஆக, வானத்தைச் சூடாக்கும் வித்தை எவருடைய இரகசிய அறையிலும் பிறந்ததன்று. வானொலி கேட்ட ஒருவரின் காதிலேயே அது முதன்முதல் அகப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 1974ஆம் ஆண்டில், சோவியத் நாட்டின் கோர்க்கி நகரத்து ஆய்வாளர்கள் இதே விளைவைக் கொண்டு வேறொன்றைச் செய்து காட்டினர். வானத்தைச் சீரான தாளத்தில் சூடாக்கியும் ஆறவிட்டும், வானத்திலேயே புதிய தாழ்ந்த அலையொன்றைப் பிறப்பித்தனர்.

தாழ்ந்த அலை என்றால் என்ன? ஓர் அலை வினாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகின்றதோ அதனை மீடிறன் என்று நம் பாடநூல்கள் கூறும். சிற்றலை வினாடிக்குப் பல இலட்சம் தடவை துடிப்பது. வினாடிக்குச் சில பத்துத் தடவை முதல் சில ஆயிரம் தடவை வரை மட்டுமே துடிப்பவற்றையே இங்கு தாழ்ந்த அலைகள் என்கிறேன். துடிப்புக் குறையக் குறைய அலையின் நீளம் கூடும். வினாடிக்கு 76 தடவை துடிக்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 3,900 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரையுள்ள நம் இலங்கையை ஒன்பது தடவை ஒன்றன்பின் ஒன்றாய் வைத்தாற்றான் ஓர் அலை ஆகும்!

இத்துணை நீண்ட அலையை விரும்புவோர் யார்? கடல்நீர் மின்னைக் கடத்துவதாகையால் சாதாரண வானொலி அலை அதற்குள் புகுவதில்லை. தாழ்ந்த அலையோ ஆழத்துக்கும் இறங்கும். ஆகவே நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பக் கடற்படைகள் அதனை நாடின. நமக்கு அண்மையில், திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், இந்தியக் கடற்படை 1990ஆம் ஆண்டில் கட்டபொம்மன் என்ற பெயரால் இத்தகைய நிலையமொன்றைத் தொடங்கியது. அது மிக உயர்ந்த கோபுரங்களைக் கொண்டு வழக்கமான முறையில் அலை பரப்புவது, வானத்தைச் சூடாக்குவதன்று. அதனிலும் தாழ்ந்த, 76 துடிப்புடைய அலைக்கு அமெரிக்கக் கடற்படை விஸ்கொன்சின், மிச்சிகன் மாநிலங்களில் நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுள்ள கம்பிகளைக் கட்டி 1989ஆம் ஆண்டு முதல் 2004ஆம் ஆண்டு வரை இயக்கிப் பார்த்தது. அலையின் நீளத்தோடு ஒப்பிட அந்தக் கம்பிகளும் சிறு துரும்பேயாகும்.

அத்துணை நீளமான கம்பியை நிலத்தில் கட்ட முடியாதெனின், வானத்திலேயே இயற்கை கட்டிவைத்த கம்பி ஏதும் உண்டா? உண்டு. அயனமண்டலத்தின் அடியில், நூறு கிலோமீற்றர் உயரத்தையொட்டி, சில இடங்களில் பெரும் மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகின்றது. அதனை மின்தாரை என்பர். துருவப் பகுதிகளில் ஓடுவது ஒன்று. மற்றொன்று பூமியின் காந்த மத்தியகோட்டை ஒட்டிப் பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஓடுவது. அந்தக் காந்த மத்தியகோடு இந்தியாவின் தென்கோடியையும் நம் இலங்கையையும் ஒட்டியே செல்கின்றது. பசறையிலும் மடூல்சீமையிலும் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் தலைக்கு மேலே, கண்ணுக்குப் புலனாகாத அந்த ஆறு நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனை ஆராய ஏற்ற இடம் என்பதனாலேயே 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் கேரளத்துத் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு உந்துகணை ஏவப்பட்டது.

இப்பொழுது ஒரு தோட்டத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். மலையூற்று நீர் பீலி வழியே இடைவிடாது கீழே விழுகின்றது. ஒரு சிறுவன் கையைப் பீலியின் வாயில் வைத்தும் எடுத்தும் விளையாடுகின்றான். கை வைக்கும்போது நீர் தணிகின்றது, எடுக்கும்போது பெருகுகின்றது. கீழேயுள்ள குட்டையில் அதே தாளத்தில் அலை எழுகின்றது. அச்சிறுவன் ஒரு துளி நீரையும் படைத்தானல்லன். ஓடுகின்ற நீரைச் சிறிது தடுத்தும் விடுத்தும் அலையை உண்டாக்கினான். வானத்தில் நிகழ்வதும் இதுவே. நிலத்திலிருந்து வலிய சிற்றலை மேலே செல்கின்றது. அது இலத்திரன்களைச் சூடாக்குகின்றது. சூடான இலத்திரன்கள் காற்றணுக்களோடு மிகுதியாக மோதுகின்றன. அதனால் அவ்விடத்தின் மின்கடத்தும் தன்மை மாறுகின்றது. அனுப்பும் அலையை வினாடிக்கு ஆயிரம் தடவை கூட்டிக் குறைத்தால் மின்தாரையும் ஆயிரம் தடவை தணிந்து பெருகும். அப்பொழுது மின்தாரையின் அப்பகுதியே ஒரு பெரிய அலைபரப்பும் கம்பியாகிவிடுகின்றது.

இம்முறையை நன்கு ஆராய 1980ஆம் ஆண்டில் நோர்வே நாட்டின் துரொம்சோ நகருக்கு அண்மையில் ஒரு நிலையம் அமைந்தது. காந்த மத்தியகோட்டுக்கு அண்மையிலுள்ள பெரு நாட்டின் ஹிக்கமார்க்காவிலும் இது நிகழ்த்தப்பட்டு, 1984ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. நம் தலைக்கு மேலுள்ள அதே மின்தாரைதான் அங்கும் துடித்தது. எனினும், நம் நாட்டில் அத்தகைய நிலையம் எதுவும் இல்லை. உலகம் முழுவதிலும் அவை விரல்விட்டு எண்ணத்தக்கன.

எங்கள் தோட்டத்துத் தந்தையார் படத்தில் கண்டது அலாஸ்காவில் கக்கோனா என்னுமிடத்திலுள்ள ஹார்ப் நிலையம். 1993ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி 2007ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அங்கு 180 கம்பங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவை சேர்ந்து அனுப்பும் வலு 3.6 மெகாவாற்று, அதாவது 36 இலட்சம் வாற்று. முதலில் அமெரிக்க இராணுவத் துறைகள் அதற்குப் பணம் அளித்தன. இராணுவம், காடு, வேலி, விளங்காத கம்பங்கள் என்னும் இவை நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் வதந்தி பிறவாதிருக்குமா? மக்கள் ஐயுற்றது அவர்கள் குற்றமன்று. 2015ஆம் ஆண்டில் அந்நிலையம் அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விடப்பட்டது. அடுத்த ஆண்டில் பல்கலைக்கழகம் பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்கவும் வழி செய்தது.

அந்தக் கம்பங்களால் எவ்வளவு ஆகும் என்பதை இப்பொழுது எண்களால் காண்போம். வலிய சிற்றலையை வானுக்கு அனுப்பியபின், அங்கு பிறந்த தாழ்ந்த அலையின் வலுவை ஆய்வாளர் கணக்கிட்டனர். அது 4 முதல் 32 வாற்று வரை! நம் வீட்டு மின்குமிழொன்றின் அளவு. கொடுத்ததில் இலட்சத்தில் நான்கு பங்குமில்லை. அந்த மெல்லிய அலையையும் 4,400 கிலோமீற்றருக்கு அப்பால், பசுபிக் சமுத்திரத்து மிட்வே தீவில், நுட்பமான கருவி கொண்டு கேட்டறிந்தார்கள். இது விஞ்ஞானத்தின் பெருமை. ஆனால் அது மலையைச் சரிக்கும் பேராற்றலன்று. நிலையத்தை நிறுத்தியதும் அந்த இலத்திரன்கள் ஒரு வினாடியின் மிகச் சிறிய பங்கிற்குள் ஆறிவிடுகின்றன.

மேலும், அயனமண்டலத்தை அடையும்போது அந்தச் சிற்றலையின் வலு, ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு வாற்றின் நூறில் மூன்று பங்கே. அதே பரப்பில் சூரியன் பொழிவதோ ஆயிரம் வாற்றுக்கும் மேல். மழை முகிலோ ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்துக்குள்ளேயே அடங்குவது. சூடாகும் இடம் அதற்கும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில், முகிலும் நீராவியும் இல்லாத வெளியில் உள்ளது.

எங்கள் உயர்தர வகுப்பு மாணவரிடம் நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு சதுர கிலோமீற்றர் தோட்டத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், விழுந்த நீர் ஒரு இலட்சம் தொன். அத்தனை நீராவியும் நீராக மாறும்போது வெளிவரும் வெப்பத்துக்கு ஈடான சக்தியைத் தர, அந்த அலாஸ்கா நிலையம் எவ்வளவு காலம் ஓட வேண்டும்? மாணவர் கண்ட விடை, இரவுபகல் ஓயாது இரண்டு ஆண்டுகளுக்கு மேல். அதுவும் ஒரே தோட்டத்தின் ஒருநாள் மழைக்கு! ஊவா முழுவதும் பெய்யும் மழையை எண்ணிப் பாருங்கள்.

உண்மையில் இயற்கையே தாழ்ந்த அலைகளின் பெரிய உற்பத்தியாளர். உலகில் வினாடிக்கு ஏறத்தாழ 45 மின்னல்கள் வெட்டுகின்றன. ஒவ்வொன்றும் தாழ்ந்த அலைகளைப் பரப்புகின்றது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேரத்து இடிமுழக்கத்தின்போது உங்கள் வானொலியில் எழும் கரகரப்பும் மின்னல் பரப்பும் அலைகளின் ஓசையே. அந்த அலைகள் நம் முன்னோர் காலத்துக்கும் முன்பிருந்தே நம் மலைகளின் மேல் தவழ்ந்து வருகின்றன. அவற்றால் எந்த மலையும் சரிந்ததில்லை.

அப்படியாயின் மலை எதனால் சரிகின்றது? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலைச்சரிவு இடிந்து லயங்களை மூடியது. அங்கு மாண்டோரை எண்ணாமல் இம்மாவட்டத்து எந்த ஆசிரியனும் மழை என்ற சொல்லை உச்சரிக்க இயலாது. அந்த மலையை வானத்து அலை சரித்ததன்று. செங்குத்தான சரிவில் தளர்ந்த மண். அதற்குள் நாட்கணக்காய் ஊறிய மழைநீர். அதன் கீழே மக்கள் குடியிருப்பு. அவ்விடம் வாழ்வதற்கு உகந்ததன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, மக்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்படும் முன் மலை வந்துவிட்டது.

நேயர்களே, நான் இவ்வளவு நேரம் பேசியதன் நோக்கம் இதுவேயாம். அலாஸ்காவின் கம்பமே காரணம் என்று நம்பிவிட்டால், கானில் தேங்கிய மண்ணை நாம் வாரமாட்டோம். பாதுகாப்பான நிலத்தையும் தகுந்த வீட்டையும் தரும்படி உரியவரிடம் கேட்கவும் மாட்டோம். வானத்தின்மேல் பழியைச் சுமத்திவிட்டால், மண்ணில் எவரும் பதில் கூற வேண்டியதில்லையல்லவா? நம் மக்களுக்குத் தீங்கு இழைப்பது அந்த அலையன்று; அலையைப் பற்றிய பொய்யே.

நம் கையிலுள்ள அறிவு எளியது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150ஐத் தாண்டினால் அபாயமுள்ள சரிவைவிட்டு உடனே வெளியேறுதல் வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்ந்துவிட்ட மரங்கள், முன்பில்லாத இடத்தில் திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் ஓடை, இறுகித் திறக்க மறுக்கும் கதவு ஆகியவற்றைக் கண்டால் அளவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறிவிடுங்கள்.

அந்தத் தந்தையாரை நான் மீண்டும் அழைத்தேன். பீலியின் உவமையையும் மாணவர் போட்ட கணக்கையும் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, “அப்ப வானத்துக்காரன பாக்க வேணாம், மழைய அளந்து பாத்தா போதும்ங்கிறீங்க” என்றார். “ஆம், ஆனால் அளந்தால் மட்டும் போதாது, அளவு சொல்வதைக் கேட்கவும் வேண்டும்” என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பத்துப் பேரோடு மண்வெட்டியுடன் கானில் இறங்கினார்.

இப்பொழுது எங்கள் பாடசாலை முற்றத்தில் மழைமானி ஒன்று இருக்கின்றது. நாள்தோறும் காலையில் ஒரு மாணவர் அதன் அளவைக் குறித்துக் கரும்பலகையில் எழுதுவார். சென்ற தவணையில் அந்தப் பொறுப்பு அவருடைய மகளுக்குக் கிடைத்தது. அவள் மாலையில் வீடு திரும்பும்போது அந்த எண்ணையும் கொண்டு செல்வாள். லயத்தில் அனைவரும் அவளிடம் அதனைக் கேட்டறிவர். உங்கள் ஊர்ப் பாடசாலையிலும் அத்தகைய எண் ஒன்று நாள்தோறும் எழுதப்படுமாயின், இந்த உரை பயன் பெற்றதாக மகிழ்வேன்.